சுங்கை சிப்புட்டில் பழைய படம் கழுவித் தரும் கடை: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க வேண்டாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பசார் பக்கத்துக் கடைவீட்டு வரிசையில் இருக்கிறது இந்த ஸ்டூடியோ. விளம்பரம் வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. படக்கடை எது என்று காப்பிக்கடையில் கேட்டாலே கை காட்டுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அடையாளப் படம் எடுக்கும் சாதாரணக் கடைதான். ஆனால் ஆட்கள் வெளியூரிலிருந்து தேடி வருவது வேறொரு வேலைக்கு: பழைய படங்களை ஸ்கேன் செய்து, திருத்தி, புதிதாக அச்சடித்துத் தருவதற்கு. எல்பில், டோவன்பி என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களை விட்டுத் தாமான் என்னும் புதுக் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்களிடம், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் எடுத்த படம் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருக்கும். நெகட்டிவ் இருக்காது. அந்தப் படம் கெட்டுப்போனால் மறுபடி எடுக்க லயமும் இல்லை.

இங்கே இருக்கிற இயந்திரங்கள் ஈப்போவிலும் இருக்கின்றன. விலையும் மருந்தகத்தில் இருக்கும் தானியங்கிப் படப்பெட்டியைவிடக் கூடுதல். அந்தக் கூடுதல் காசு போவது, அச்சடிக்குமுன் ஒருவர் உட்கார்ந்து முகத்தைப் பார்த்து, ஒரு சோதனைத் துண்டு அடித்து, "இது சரியாம்மா?" என்று கேட்பதற்கு. பத்திரப்படுத்த வேண்டிய படத்துக்கு அது தகும். மற்றதற்குத் தகாது.

அந்தச் சோதனைத் துண்டை விளக்கிவிடுவோம். 8ஆர் (8 × 10 அங்குலம்) படம் கேட்டால், அதில் முகம் இருக்கும் பகுதியை மட்டும் 4ஆர் (4 × 6 அங்குலம்) அளவுக்கு வெட்டி, கடைசியில் எந்தத் தாளில் அடிக்கப்போகிறார்களோ அதே தாளில், அதே பெரிதாக்கும் அளவில் அடித்துக் காட்டுகிறார்கள். கடைக்குள் டியூப் லைட்டில் பார்க்க விடுவதில்லை. ஐந்தடிக்கு, அதாவது கடை முன் நடைபாதைக்கு, அழைத்துவந்து பகல் வெளிச்சத்தில் காட்டுகிறார்கள். மலிவான டியூப் லைட்டில் தோல் நிறம் பச்சை தட்டும். அதை நம்பிச் சிவப்பைக் கூட்டினால், வீட்டுக்குப் போனதும் எல்லோரும் வெயிலில் வெந்தவர்கள்போல் தெரிவார்கள். கணினித் திரையைப் பார்த்து முடிவு செய்தாலும் ஆபத்துதான். திரை ஒளியை வெளிவிடுகிறது, தாள் திருப்பித் தருகிறது. திரையின் பிரகாசம் அதிகமாக வைத்திருந்தால் அச்சு இருண்டு வரும். "படம் கறுத்துப்போச்சு" என்ற புகார்களில் பெரும்பாலானவை இதனால்தான். இந்தக் கடையில் திரையை அளவுக்கருவி வைத்துச் சீர் செய்கிறார்கள், எந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று கணினிக்குச் சொல்லும் நிறக்கோப்பை ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

இனி நம் ஆட்களுக்கு முக்கியமான விஷயம். படம் கழுவும் இயந்திரங்களின் மென்பொருளில் 'ஆட்டோ' திருத்தம் இருக்கும். முழுப் படத்தின் சராசரி வெளிச்சத்தையும் முகங்களையும் கணித்து அதுவே ஏற்றி இறக்கும். கறுத்த முகமும் வெள்ளை வேட்டியும் ஒரே படத்தில் இருந்தால் அதற்குக் கணக்கு தப்பும். முகத்தை வெளுக்க வைக்கும், கூடவே வேட்டியின் மடிப்பு காணாமல் போய் வெறும் வெள்ளைத் திட்டாகும். தாத்தாவின் நிறம் தாத்தாவின் நிறமாக இருக்க வேண்டும் என்றால், எந்தக் கடைக்குப் போனாலும் "ஆட்டோ போடாதீங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லுங்கள். இங்கே பெரிய அளவுப் படங்களுக்கு அது எப்போதும் நிறுத்தப்பட்டிருக்கிறது. 4ஆர் கட்டாகக் கொடுத்தால் மட்டும், கேட்டால்தான் நிறுத்துகிறார்கள். சரிபார்க்க மூன்று இடம் போதும்: வேட்டியில் மடிப்பு தெரிகிறதா, தலைமுடி பின்னணி இருட்டோடு ஒட்டிக்கொண்டதா, நெற்றித் திருநீறு தனியாகத் தெரிகிறதா.

கடையில் அச்சடிக்க இரண்டு வழி உண்டு. 4ஆர், 5ஆர் போன்ற சிறிய அளவுகள் உலர் லேப் எனப்படும் மை தெளிக்கும் சுருள்தாள் இயந்திரத்தில் போகின்றன. பழைய மினிலேப்போல் ரசாயனத் தொட்டி கிடையாது. தாளுக்குள் ஊறும் சாய மை. பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், ஆல்பத்துக்குள் வைத்தால் நன்றாக நிற்கும். கண்ணாடி இல்லாமல் சுவரில் மாட்டினால் காற்றும் வெளிச்சமும் பட்டு வெளிறும். 8ஆர் முதல் மேலே உள்ளவை எப்சன் பி900 அச்சுப்பொறியில். அதில் 10 வண்ணம், எல்லாம் நிறமி மை, 17 அங்குல அகலம் வரை போகும். நிறமித் துகள்கள் தாளின் மேற்பரப்பில் தங்குகின்றன, வெளிச்சத்தைச் சாய மையைவிட நன்றாகத் தாங்கும். பூசைமேடைக்கும் கூடத்துச் சுவருக்கும் இதைத்தான் கேட்க வேண்டும்.

தாள் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். பஞ்சுத் தாள் என்றால் உசத்தி என்று அவருக்கு ஒரு பிரியம். கனமான பஞ்சுத் தாள், உதாரணமாக 308 கிராம் ஹானெமுஹ்லே போட்டோ ராக், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு உண்மையிலேயே அழகு. ஆனால் இப்படிப்பட்ட பளபளப்பில்லாத மேட் தாளில் கறுப்பு ஆழமாக விழாது, தாங்கும் நிற எல்லையும் குறைவு. கல்யாணப் படத்தில் அரக்குச் சிவப்புப் பட்டு அதில் செங்கல் நிறமாகச் சோர்ந்துவிடும், சரிகை மங்கும். பட்டுச்சேலைக்கு லேசான மினுக்குள்ள லஸ்டர் அல்லது பரைட்டா தாள்தான். சேலையின் சிவப்பு கைப்பேசிக் கோப்பிலேயே உச்சத்தில் முட்டி நின்றால் எந்தத் தாளும் காப்பாற்றாது. அப்போது சிவப்பின் செறிவைச் சற்றுக் குறைத்து அடித்தால் ஜரிகைக் கோடுகள் திரும்பி வரும். இதைக் கேட்காமலே செய்தார்கள் என்பது இந்தக் கடைக்குப் பெரிய பாராட்டு.

பளபளப்புத் தாளைச் சுவர்ப் படத்துக்குத் தவிர்ப்பது நல்லது. விரல் ரேகை பதியும், ஜன்னல் வெளிச்சம் அடிக்கும். அதைவிட மோசம், நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

பழைய படத்தை ஸ்கேன் செய்வதுதான் இவர்களின் பலம். சமதளக் கருவி, எப்சன் வி850. சாதாரண 3ஆர் படத்தை, அதாவது 3.5 × 5 அங்குலத்தை, 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் 2100 × 3000 புள்ளி கிடைக்கும். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 7 × 10 அங்குலம் வரை கூர்மையாக வரும். அதாவது இரண்டு மடங்கு. அதற்கு மேல் கேட்டால் பழைய படத்தில் இல்லாத விவரம் எங்கிருந்தும் வராது. இரண்டு அங்குலச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு 1200 கேளுங்கள்.

குழுப் படங்களுக்கும் 1200 கேட்பது நல்லது. 1954-இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தி கலாசாலையின் பழைய வகுப்புப் படங்களும், தோட்டத்துப் பள்ளிப் படங்களும் இந்தக் கடைக்கு நிறைய வருகின்றன. 8 × 10 அளவில் 30, 40 பேர் உட்கார்ந்திருந்தால் ஒரு முகம் சுமார் 6 மில்லிமீட்டர்தான் இருக்கும். 600-இல் அது 140 புள்ளிச் சொச்சம், 1200-இல் 280 சொச்சம். இரண்டாவதில், அசல் அச்சு கூர்மையாக இருந்தால், முகத்தைத் தனியாக வெட்டி ஓர் அங்குல அளவுக்கு மரியாதையாக அச்சடிக்கலாம். "இந்த ஒரு தலையை மட்டும் எடுத்து 8ஆர் போட்டுக் கொடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. கடைக்காரர் முடியாது என்று சொல்லிவிடுகிறார். அந்த நேர்மைக்கே ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம். ஏனென்றால் முடியும் என்று சொல்லும் கடைகள் செய்வது ஏஐ செயலியில் போட்டு எடுப்பதுதான். அது தேவையான புள்ளிகளைக் கற்பனையாக நிரப்பும். கண் மலரும், பல் வரிசையாகும், மூக்குத்தி காணாமல் போகும். வருவது வேறொரு ஆள், உங்கள் அம்மாயி இல்லை. கீறல் நீக்கும் தானியங்கி வசதியும் இப்படித்தான்: திருநீற்றுக் கோட்டைக் கீறல் என்றும், பொட்டைக் கறை என்றும் எடுத்து அழித்துவிடுவதுண்டு. திருத்திய படத்தை அசலோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் சம்மதம் சொல்லாதீர்கள்.

சில படங்கள் ஸ்கேனருக்கு அடங்காது. கறுப்பு வெள்ளைப் படத்தின் இருண்ட பகுதிகளில் நீலமாக ஒரு வெள்ளிப் பூச்சு மின்னும். அது படத்திலுள்ள வெள்ளி காற்றிலும் ஈரத்திலும் மேலே கிளம்பி வந்து படிவது. ஸ்கேனர் விளக்கு பட்டால் அந்த இடம் முழுக்க வெளிறும். 1970, 80களில் வந்த, தேன்கூடுபோல் சொரசொரப்பான தாளில் அடித்த வண்ணப் படங்களும் அப்படித்தான், முகமெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக வரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: படத்தை மேசையில் வைத்து, இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு, விளக்குகளுக்கு முன் துருவத் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர்), கேமராவில் அதற்குக் குறுக்காகத் திருப்பிய துருவ வடிகட்டி. பளிச்சிடும் ஒளி அப்படியே அடங்கிவிடும். கடையின் பின்னறையில் இந்த ஏற்பாடு இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் செய்கிறார்கள். கட்டணம் ஸ்கேனுக்கு 5 வெள்ளி (ரிங்கிட்) என்றால் இதற்கு 15. படத்தைச் சாய்த்துப் பார்த்து மின்னினாலோ சொரசொரத்தாலோ நீங்களே இதைக் கேளுங்கள்.

சிவந்துபோன வண்ணப் படங்கள் பற்றியும் கேட்பார்கள். 1970களில் அச்சான பல வண்ணப் படங்கள், பெட்டிக்குள் இருட்டிலேயே இருந்தாலும், நீலப்பச்சைச் சாயம் முதலில் அழிந்து சிவப்பேறிவிட்டன. சாயம் கொஞ்சமாவது மிச்சமிருந்தால் ஸ்கேனில் மூன்று நிறத்தையும் தனித்தனியாக நீட்டித் திரும்பக் கொண்டுவரலாம். இங்கே அதைக் கையால் செய்கிறார்கள், நன்றாகவே வருகிறது. முகத்தில் ஒரு பக்கம் முழுக்க வெளுத்திருந்தால் வராது. அப்படிப்பட்ட படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி அடிப்பதே மானம் காக்கும் வழி.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தை வீட்டில் பிய்க்காதீர்கள். படத்தின் மேல் இருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியிலும் தாள் கையிலுமாக வரும். பிரேமை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு கொண்டுபோங்கள், அப்படியே ஸ்கேன் செய்வார்கள். மெல்லிய மலிவு ஸ்கேனர்களில் கண்ணாடியின் 2 மில்லிமீட்டர் இடைவெளிக்கே படம் கலங்கும். இங்குள்ள கருவி தாங்குகிறது. பசை ஆல்பத்தில் ஒட்டியவற்றுக்கு வேறு வழி: மெழுகு பூசாத பல் நூலை (டென்டல் ஃபிளாஸ்) படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, அறுப்பதுபோல் மெல்ல நகர்த்தலாம். பிடிவாதமாக இருந்தால் விட்டுவிட்டு ஆல்பத்தோடு கொடுங்கள்.

பூஞ்சை பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். வேண்டாம். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், துடைத்தால் முகமே துணியோடு போய்விடும். காய்ந்த மென்தூரிகை, காற்றுப் பந்து, அவ்வளவுதான்.

நெகட்டிவ் இருந்தால் அதிர்ஷ்டம். வண்ண நெகட்டிவில் தூசியையும் கீறலையும் அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்து நீக்கும் வசதி வேலை செய்யும். கறுப்பு வெள்ளையில் செய்யாது, ஏனென்றால் படமே வெள்ளித் துகள், அது அந்தக் கதிரையும் மறைக்கும். அதனால் கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்குக் கைவேலைக் கூலி கூடுவது நியாயம். நெகட்டிவைத் தலைகீழாகப் போட்டு இடம் வலம் மாறிய பிரதிகள் வருவதுண்டு. முந்தானை வலது தோளில் கிடந்தால் அப்போதே சொல்லுங்கள்.

கைப்பேசிப் படம் கொடுப்பவர்கள் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். நீளப்பக்கம் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். 4ஆருக்கு 1800 × 1200 வேண்டும், அதற்கே கொஞ்சம் குறை. 8ஆருக்கு 3000 × 2400, பாதிதான் இருக்கும். அதே வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அசல் கோப்பு போகும். இன்னொன்று, பெரும்பாலான கைப்பேசிப் படம் 4:3 விகிதம், 4ஆர் தாள் 3:2. அகலப் படத்தில் மேலும் கீழுமாக ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். பந்தலுக்குக் கீழே நிற்கும் மாப்பிள்ளையின் தலைப்பாகை போகும் இடம் அதுதான். வெள்ளை ஓரம் விட்டு முழுப் படமும் அடிக்கச் சொல்லலாம், காசு அதே.

அந்த ஓரத்தில் பெயர், தோட்டம், ஆண்டு போட்டுத் தருகிறார்கள், இலவசமாக. நல்ல வசதி, ஆனால் எழுத்தைச் சரிபாருங்கள். படத் திருத்த மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை இயக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். 'கோவிந்தம்மாள்' என்ற பெயர் படிக்க முடியாதபடி உடையும். ஒரு தடவை அச்சாகிவிட்டால் மறு அச்சுக்கு யார் காசு என்ற சண்டைதான். படத்தின் பின்புறம் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் எழும்பும். பழைய தாள்களுக்கு மென்மையான பென்சில், இன்றைய பிளாஸ்டிக் பூச்சுத் தாள்களுக்கு நிறமி மைப் பேனா, எழுதி நன்றாகக் காயவிட்டு.

குறைகளுக்கு வருவோம். பிரேம் போடுவதில் இந்தக் கடை சுமார்தான். படத்தை இரட்டை ஒட்டுநாடாவால் அட்டையில் அப்படியே ஒட்டுகிறார்கள், பின்னால் சாதாரண ஹார்ட்போர்டு. அமிலம் கலந்த அட்டை சில ஆண்டுகளில் படத்துக்கு மஞ்சள் ஏற்றும், கரையானுக்கும் அது பிடித்த தீனி. படத்தை மட்டும் இங்கே அடித்துக்கொண்டு, பிரேமுக்கு அமிலமில்லாத அட்டையும், படத்தைச் சுற்றி ஜன்னல் அட்டையும், அலுமினியச் சட்டமும் போட்டுத் தரும் கடையைப் பாருங்கள். ஜன்னல் அட்டை அழகுக்கு மட்டும் இல்லை, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடுவதே அதன் வேலை. பூசைமேடையில் வைக்கும் படத்துக்கு இன்னும் ஒரு படி: கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓரம் முழுக்க ஒட்டுநாடா போட்டு அடைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் தண்ணீரோடு கீழே வழிந்து, சட்டத்தின் கீழ் விளிம்பு வழியாகத்தான் உள்ளே போகும். அடியில் கறை ஏறிய படங்கள் பெரும்பாலும் இப்படி வந்தவை. விளக்குக்கு நேர் மேலே மாட்டினால் புகையும் சூடும் சேரும், ஒரு முழமாவது தள்ளுங்கள்.

சூட்டு லேமினேஷனும் இங்கே செய்கிறார்கள். அசல் படத்துக்கு வேண்டவே வேண்டாம். ஒட்டிய பிறகு பிரிக்க முடியாது, பிளாஸ்டிக் மஞ்சளாகும்போது படமும் அதனோடு போகும். கேன்வாஸ் அச்சும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, மூலைகளில் மடிப்பு தளர்கிறது.

இன்னொரு குறை அவசரம். நிறமி மையில் அடித்த படத்தை 24 மணி நேரமாவது காற்றாட விட்டுப் பிறகே கண்ணாடி போட வேண்டும். மையிலுள்ள கரைப்பான் ஆவியாகி வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியின் உட்புறம் பனிபோல் மூடும். தீபாவளி நெருங்கினால் கூட்டத்தில் இந்த ஒரு நாளைக் கடை விழுங்கிவிடுகிறது. பண்டிகைக்கு வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்பே கொடுங்கள், அல்லது படத்தைப் பிரேம் இல்லாமல் வாங்கி வீட்டில் உலரவிட்டுப் பிறகு போடுங்கள்.

விலை: 4ஆர் 1 வெள்ளி, 8ஆர் லஸ்டர் 15 வெள்ளி, பஞ்சுத் தாளில் 35 வெள்ளி, கைத்திருத்தம் 40 வெள்ளியிலிருந்து. சோதனைத் துண்டுக்குத் தனிக் காசு இல்லை. கல்யாண வீட்டில் கைப்பேசியில் எடுத்த 500 படத்தையும் இங்கே கொடுப்பது வீண். அவற்றை எந்த மலிவுக் கடையிலும் கழுவலாம், அல்லது கழுவாமலே இருக்கலாம். அதிலிருந்து பத்துப் படம் பொறுக்கி இங்கே கொண்டுவாருங்கள். 17 அங்குலத்துக்கு மேல் அகலம் வேண்டுமென்றால் ஈப்போதான்.

எடுத்துவந்த படங்களைப் பாலித்தீன் பையில் போட்டு அலமாரியில் அடைக்காதீர்கள். பிவிசி இல்லாத பாலிபுரோப்பிலீன் உறை கொண்ட ஆல்பம், சிலிக்கா ஜெல் போட்ட மூடி இறுகும் டப்பா போதும். காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், நம் ஊரில் அது அன்றாடம் தாண்டும். ஜெலின் நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி போடுங்கள்.

படம் வாங்கும்போது ஸ்கேன் கோப்பையும் கேளுங்கள். கேட்காவிட்டால் சுருக்கிய ஜேபெக் மட்டும் தருவார்கள். சுருக்காத டிஃப் கோப்பு வேண்டும், 8 × 10 படம் 600-இல் சுமார் 86 எம்பி வரும், அதனால் பென்டிரைவ் கொண்டுபோங்கள். கொடுத்த அசல்களை எண்ணி வாங்குங்கள். கடைக் கணினியில் 3 மாதம்தான் வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்கள்.